பார்சிலோனா – 4: ஊராருக்கு வீடில்லாத ஊர்

சக்ராடா ஃபமீலியா தேவாலய வாசலில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். 1882இல் தொடங்கிய கட்டுமானம் அது. பக்தர்களின் காணிக்கையால் எழும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. இன்று கல்லுக்கும் கூலிக்கும் பெரும்பாலும் நம்மைப் போன்றவர்கள் வாங்கும் நுழைவுச்சீட்டுதான் படியளக்கிறது. 2020இல் கொரோனாவால் ஆள்வரத்து நின்றதும் வேலையும் நின்றது.

ஊரின் கதையும் ஏறக்குறைய இதுதான். 1992 ஒலிம்பிக்ஸுக்குப் பிறகு உலகமே இங்கே திரும்பியது. இன்று நகரப் பொருளாதாரத்தில் சுமார் 14 சதவீதம் சுற்றுலாவுடையது.

போக்கேரியா சந்தைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது கோப்பைகளில் நறுக்கி வைத்த பழங்களும் பல நிறச் சாறுகளும். மீன் கடைகளைத் தேடி உள்ளே போக வேண்டும். காய்கறிப் பையோடு வந்த ஒரு மூதாட்டி, படமெடுத்துக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் வழி கிடைக்காமல் வெகுநேரம் நின்றார். பார்க் குவெல் பக்கம் ஓடும் 116ஆம் எண் சிற்றுந்தில் பயணிகள் நெரிசலால் முதியவர்களுக்கு இடமே கிடைக்காமல் போக, குடியிருப்போர் போராடி, 2024இல் அந்தத் தடத்தையே கூகுள் வரைபடத்திலிருந்து நீக்க வைத்தார்கள்.

அதே ஆண்டு ஜூலையில் சுற்றுலா மிகுதியை எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் உணவகங்களில் அமர்ந்திருந்த பயணிகள்மீது பொம்மைத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள். உலகம் அதைச் சிரிப்புச் செய்தியாக்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பத்தாண்டுகளில் வீட்டு வாடகை 68 சதவீதம் உயர்ந்துவிட்டதாக மேயர் ஜௌமே கொல்போனியே சொல்லியிருக்கிறார். விடுதி அறையைப் பெருக்குகிறவரும் உணவகத்தில் சமைக்கிறவரும் அந்த வாடகையைக் கொடுத்து இங்கே எப்படிக் குடியிருப்பார்கள்?

பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் 10,101 வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிப்பதில்லை என்று அவர் அறிவித்திருக்கிறார். வருமானம் போகும், வேலை போகும் என்கிறார்கள் உரிமையாளர்கள். அவர்கள் கவலை பொய்யல்ல. ஆனாலும் மேயர் பக்கமே நியாயம் என்பேன். ஊராரை வெளியேற்றிவிட்டு விருந்தினருக்குப் பாய் விரிப்பது எந்த ஊருக்கும் ஆகாது.

பார்சிலோனாவுக்கு வாருங்கள், தயங்க வேண்டாம். ஆனால் தங்குவதற்கு ஓட்டலில் அறை எடுங்கள். ஒரு குடும்பம் வாழ வேண்டிய வீட்டை எடுக்காதீர்கள்.

(தொடரும்)