காடைப் புள்ளி

நிக்கோல் லெ துவாரேன் என்ற பிரெஞ்சு அம்மையாரை உங்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். சில ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்துவிட்டுக் கருவளர்ச்சி ஆராய்ச்சிக்கு வந்தவர்.

முட்டைக்குள் குஞ்சு உருவாகும்போது எந்த செல் எங்கே போய்ச் சேர்கிறது? எல்லாம் ஒன்றுபோல் இருந்தால் எப்படித் தொடர்வது? காடையின் செல்லுக்குச் சாயமேற்றினால் உட்கருவில் அடர்ந்த புள்ளி ஒன்று தெரியும், கோழியில் அப்படித் தெரியாது. இதைக் கவனித்தவர் அவர்தான். (நமக்குக் காடை என்றால் வறுவல்தான் நினைவுக்கு வரும்!) காடைக் கருவின் சிறு துண்டைக் கோழிக் கருவில் ஒட்டினார். அதன்பின் காடை செல் எங்கே போனாலும், கோப்பில் குத்திய முத்திரை மாதிரி அந்தப் புள்ளி காட்டிக் கொடுத்தது. பொரித்த வெள்ளைக் கோழிக்குஞ்சின் இறக்கையில் காடையின் நிறம் வந்தது!

1969இல் நாந்த் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது இதைப் பிரெஞ்சிலேயே எழுதினார். 'புல்லத்தேன் பியோலோழிக்' என்ற பழைய ஏட்டில் வந்தது. 1973இல் இம்முறையைப் பற்றி 'டெவலப்மெண்டல் பயாலஜி' இதழில் ஆங்கிலத்தில் எழுதினார். அறிவியலார் சபையில் அதற்குள் ஆங்கிலம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. அவர் செய்தது சரிதான், உலகம் படிக்க வேண்டுமே. ஆனாலும் பிரெஞ்சு வழியில் படித்த எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

உயிரியல் படிக்கும் என் பேரனுக்கு ஆங்கிலக் கட்டுரை போதுமாம். 1969ஆம் வருடத்துப் பக்கங்களை நான்தான் வாசித்து, அவனுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.