இடக்கைக்கு ஒரு துப்பாக்கி



சென்ற ஞாயிறு அன்பின் விருந்தில் மான்கறிக் குழம்பு பரிமாறப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். உண்டு முடித்தபின் நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "பாஸ்டர் ஐயா, இந்த மானை நீங்களே சுட்டீர்கள் என்கிறார்களே, மெய்தானா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்கள். "மெய்தான் அம்மா" என்றேன். அவர்கள் வேறொன்றும் சொல்லவில்லை. ஆயினும் அந்த முகத்தில் தோன்றிய கலக்கம் வீடுவரை என்னோடு வந்தது. துப்பாக்கி என்ற சொல்லே ஆறாத காயமாய் இருக்கும் குடும்பங்கள் இந்நாட்டில் ஏராளம். ஆகையால் மேய்ப்பன் ஒருவன் அதை ஏன் வாங்கினான் என்பதை மறைக்காமல் எழுதுவது என் கடமை என்று எண்ணுகிறேன்.

பென்சில்வேனியாவுக்கு நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில், எங்கள் வாசலில் குவிந்த பனியைச் சொல்லாமலே அள்ளிப்போட்டவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர். ஆண்டுதோறும் நன்றி கூறும் நாளுக்குப் பின் அவர் காட்டுக்குப் போவார். ஒரு மானின் இறைச்சி அவர் வீட்டு உறைபெட்டியில் வசந்தகாலம்வரை இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சை நடந்தது. "பாஸ்டர், சுடுவது என்னால் இன்னும் ஆகும். சுட்ட மானை மேட்டில் இழுத்துவருவதுதான் ஆகாது. துணைக்கு வருவீர்களா?" என்று கேட்டார். பனி அள்ளிய கைக்கு நான் பட்ட கடன் அது. ஆரஞ்சு நிறச் சட்டையும் தொப்பியும் அணிந்துகொண்டு சென்றேன். விடியுமுன் இருளில், பேசாமல், அசையாமல் ஒரு மரத்தடியில் அவரோடு நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அத்தனை நேரம் மௌனமாய் இருந்து எத்தனை ஆண்டுகள் ஆயின என்று அன்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு நானும் உரிமம் பெற விரும்பினேன். இம்மாநிலத்தில் முதன்முறை உரிமம் பெறுவோர் எவ்வயதினராயினும் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி பெறவேண்டும். அப்பயிற்சியில் ஆசிரியர் எங்களை வரிசையாக நிறுத்தி, இரு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே சிறு துளை அமைத்து, அதன்வழியே தூரத்துக் கம்பம் ஒன்றைப் பார்க்கச் சொன்னார். பின்பு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். வலக்கண்ணை மூடியபோது கம்பம் இருந்த இடத்திலேயே இருந்தது. இடக்கண்ணை மூடியபோது அது மறைந்துபோயிற்று. "உங்கள் ஆளும் கண் இடக்கண். துப்பாக்கியை இடத்தோளில் வைத்துப் பாருங்கள்" என்றார். வைத்தேன். நெடுநாள் மூடிக்கிடந்த வீட்டுக்குள் நுழைந்ததுபோல் இருந்தது.

அன்றுதான் நான் மறந்திருந்த ஒன்று நினைவுக்கு வந்தது. நான் இடக்கையனாய்ப் பிறந்தவன். என் தகப்பனார் திருநெல்வேலிச் சீமையில் ஒரு தொடக்கப் பள்ளியின் தலைமை ஆசிரியர். நான் சிலேட்டுக் குச்சியை இடக்கையில் எடுத்தபோதெல்லாம், தம் தோளில் கிடந்த துண்டால் அந்தக் கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவார். அவர் கொடுமைக்காரர் அல்லர். சோற்றாங்கை, பீச்சாங்கை என்று பிரித்துப் பேசிய ஊரில், இடக்கையால் எழுதுகிறவனும் உண்ணுகிறவனும் வாழ்நாளெல்லாம் ஏளனம் சுமக்க நேருமே என்று அஞ்சினார். ஓராண்டில் நான் வலக்கைக்காரன் ஆனேன். இன்றும் வலக்கையால் எழுதுகிறேன், உண்ணுகிறேன், உங்கள்மேல் ஆசீர்வாதம் கூறும்போது வலக்கையையே முதலில் உயர்த்துகிறேன். ஆனால் கண்ணை யாரும் கட்டவில்லை. அது தன் இயல்பை ஐம்பது ஆண்டுகள் காத்துக்கொண்டிருந்தது.

பெரியவரிடம் இருந்த துப்பாக்கிகள் யாவும் வலக்கைக்காரருக்கானவை. நம்மில் பலர் துப்பாக்கியைத் தொட்டதே இல்லையாதலால் இதைச் சற்று விளக்கவேண்டும். போல்ட்-ஆக்‌ஷன் துப்பாக்கியில் ஒவ்வொரு முறை சுட்டபின்னும், கதவுத் தாழ்ப்பாளைப்போன்ற போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கி, பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ளி, மீண்டும் கீழே மடக்கவேண்டும். அப்போது வெற்றுத் தோட்டாக்கூடு வெளியே விழும், புதிய தோட்டா உள்ளே ஏறும். அந்தக் கைப்பிடி வலப்பக்கத்தில் இருக்கும். வலக்கைக்காரர் விசையிலிருந்து கையை எடுத்து அதை எளிதாய் இயக்குவார். இடத்தோளில் வைத்துச் சுடுகிறவனோ துப்பாக்கியின் மேலாகக் கையைச் சுற்றிக் கொண்டுபோகவேண்டும். அதற்குள் துப்பாக்கி தோளைவிட்டு நழுவும், கண் இலக்கை இழக்கும். அன்றியும், அபூர்வமாய்த் தோட்டாக்கூடு உள்ளே கிழிந்துபோனால், வலப்பக்கத் திறப்பின் வழியாய்ப் பீறிடும் வெப்ப வாயுவுக்கு இடக்கைக்காரனின் முகமே அருகில் இருக்கும்.

இவையெல்லாம் தெரிந்திருந்தும் நான் இரவல் துப்பாக்கியோடு காட்டுக்குப் போனேன். இப்போது எழுதப்போவதே எனக்குக் கடினமான பகுதி.

பருவத்தின் முதல் நாள் சனிக்கிழமை. மாலை வெளிச்சம் மங்கும் வேளையில் எண்பது கஜ தூரத்தில் ஒரு பெண்மான் வந்து நின்றது. அதற்குரிய தனி அனுமதியும் என்னிடம் இருந்தது. சுட்டேன். குண்டு படவேண்டிய இடத்திற்குப் பின்னால் பட்டது. மான் விழவில்லை, திகைத்து நின்றது. மூன்று வினாடி இருக்கலாம். இரண்டாம் குண்டு அதன் வேதனையை முடித்திருக்கும். நான் இடக்கையைச் சுற்றி வளைத்துப் போல்ட்டைத் தேடினேன். மறுபடி ஸ்கோப்புக்குள் பார்த்தபோது வெறும் புதர்தான் இருந்தது. கைவிளக்கோடு இரத்தத் துளிகளைப் பின்தொடர்ந்தோம். ஓர் ஓடைக்கரையில் தடம் நின்றுபோயிற்று. இரவு பதினொரு மணிவரை தேடினோம். மறுநாள் நான் பிரசங்க பீடத்தில் நின்றுகொண்டிருக்க, இடுப்பு வலியோடு பெரியவர் தனியே போய்த் தேடினார். கிடைக்கவில்லை. அன்று உங்களில் ஒருவர் பிரசங்கம் நன்றாயிருந்தது என்று என் கையைப் பற்றினார். அந்தக் கையை நான் மெல்ல இழுத்துக்கொண்டேன்.

துப்பாக்கியின்மேல் பழியைப் போடுவது எளிது. மெய்யாகவே அது எனக்குப் பொருந்தாத கருவிதான். ஆனால் பொருந்தாது என்று அறிந்தும் போதிய பயிற்சியின்றி விசையை அழுத்தியது என் விரல். இனி வேட்டையை விட்டுவிடவேண்டும், அல்லது அதைச் செம்மையாய்ச் செய்யவேண்டும். இடைப்பட்ட வழியில்லை என்று தீர்மானித்தேன்.

என் துணைவியாரோடு கலந்து பேசியபின் தேடத் தொடங்கினேன். கடைகளில் சுவர் நிறையத் துப்பாக்கிகள் சாய்ந்திருந்தன. அவற்றுள் இடக்கைக்கானவை ஒன்றோ இரண்டோதான். மனிதரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கையர்; ஆயினும் தயாரிப்பவருக்கு அது வேறு கணக்கு. கைப்பிடியை மட்டும் மாற்றினால் போதாது. போல்ட் இயங்கும் ரிசீவரையே கண்ணாடிப் பிம்பம்போல் தலைகீழாய்க் கடைந்தெடுக்கவேண்டும். இன்றைய வேட்டைத் துப்பாக்கிகள் பலவற்றுக்கு மூதாதையான மௌசரின் 1898ஆம் ஆண்டு வடிவம் படைவீரருக்கானது. படையோ எல்லாரையும் வலக்கைக்காரராகவே அணிவகுத்தது. சாவேஜ் நிறுவனம் 1958இல் தன் 110 என்னும் வடிவத்தை வெளியிட்டு, விரைவில் அதன் இடக்கை வடிவத்தையும் விற்கத் தொடங்கியபின்பே, சாதாரண மனிதர் வாங்கக்கூடிய விலையில் அத்தகையது பெருமளவில் கிடைத்தது.

எனக்குக் கிடைத்தவை என் குட்டையான கைகளுக்கு நீளமாயிருந்தன. ஆகவே மேற்குப் பகுதியில் ஒருசிலரே சேர்ந்து நடத்தும் சிறு பட்டறை ஒன்றைத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்த அம்மையார் முதலில் விலையைச் சொல்லவில்லை. முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரல்வரை அளந்து சொல்லும்படி கேட்டார்கள். சட்டை தைக்கத்தான் எனக்கு அளவெடுத்திருக்கிறார்கள்; என் இடக்கையை ஒருவர் அளக்கச் சொன்னது அதுவே முதன்முறை. .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு ஏற்றதாய், குறுகிய கட்டையோடு செய்ய ஒப்பந்தமாயிற்று. பழைய காரை மாற்ற நாங்கள் சேர்த்துவைத்த பணத்திலிருந்து பாதித் தொகையை முன்பணமாய் அனுப்பினேன். கார் இன்னும் மாறவில்லை, நீங்கள் பார்க்கிறீர்களே.

ஆறு மாதம் என்றார்கள். பதினொரு மாதம் ஆயிற்று. இடக்கை ரிசீவர்களுக்குப் போதிய ஆணைகள் சேர்ந்த பிறகே ஒரு தொகுதியாய்க் கடைய முடியும் என்று இருமுறை அழைத்து மன்னிப்புக் கேட்டார்கள். எனக்குச் சினம் வந்தது. இரண்டாம் முறை சற்றுக் கடுமையாகவே பேசிவிட்டேன். பிறகு அழைத்து நானும் மன்னிப்புக் கேட்டேன். அந்த ஆண்டின் பருவம் துப்பாக்கியின்றிக் கழிந்தது. பெரியவரோடு வெறுங்கையாய் உட்கார்ந்திருந்தேன்.

அது நேரே வீட்டுக்கு வராது. 1968ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டப்படி வெளிமாநிலத்திலிருந்து வரும் துப்பாக்கி உரிமம் பெற்ற உள்ளூர் வணிகரிடமே வரவேண்டும். அங்கே கேள்விகள் நிறைந்த படிவத்தை நிரப்பினேன். மாநிலக் காவல்துறையின் பின்னணிச் சோதனை முடிந்தது. வலக்கையால் கையொப்பமிட்டேன். பிறகு வணிகர் போல்ட்டைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டி, என் முன் வைத்தார். இடக்கையை எங்கும் சுற்றாமல், யோசிக்காமல் நீட்டினேன். கைப்பிடி அங்கே இருந்தது. அவ்வளவுதான். ஆனால் அதைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடிக்கொண்டிருந்தேனாம்; பெரியவர் பிறகு சொன்னார்.

அன்றிரவு ஊருக்கு அழைத்து அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. போதகருக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்பார் என எண்ணினேன். "எந்தக் கையால் சுடுகிறாய்?" என்று கேட்டார். "இடக்கையால் அப்பா" என்றேன். நெடுநேரம் மறுமுனையில் மின்விசிறியின் ஓசைமட்டும் கேட்டது. பிறகு, "துண்டை ரொம்ப இறுக்கிக் கட்டிவிட்டேனோ, தம்பி?" என்றார். இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். பொய் வரவில்லை. "கொஞ்சம் இறுக்கம்தான் அப்பா" என்றேன். இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்தபின் இருவருக்கும் பேச முடியவில்லை.

பிரியமானவர்களே, ஆதியாகமத்தின் 48ஆம் அதிகாரத்தில் முதிர்ந்த யாக்கோபு தன் பேரப்பிள்ளைகளை ஆசீர்வதிக்கையில் கைகளைக் குறுக்கே மாற்றி வைக்கிறான். யோசேப்பு அதைத் தவறென்று எண்ணித் தகப்பனின் கையைப் பிடித்து விலக்கப் பார்க்கிறான். யோசேப்பு தீயவன் அல்லன். முறை தவறக்கூடாதென்று விரும்பினான். தகப்பனோ அறிந்தே அப்படி வைத்ததாய்ச் சொல்லிக் கையை மாற்ற மறுக்கிறான். நியாயாதிபதிகளின் புத்தகத்தில் வரும் ஏகூத் இடக்கையன். பென்யமீன் என்ற பெயருக்கே வலக்கையின் மகன் என்று பொருள். அந்தக் கோத்திரத்திலிருந்தே கர்த்தர் ஓர் இடக்கையனை எழுப்பினார்.

இதை இன்று எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூன்று வாரங்களுக்கு முன் நம் ஓய்வுநாள் பள்ளியில் ஒரு சிறுமி இடக்கையால் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அன்புள்ள பாட்டி ஒருவர் அந்த வண்ணக்குச்சியை மெல்ல எடுத்து அவள் வலக்கையில் வைத்தார்கள். குழந்தை ஒன்றும் சொல்லவில்லை. வாசலில் நின்று பார்த்த நானும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் ஓடைக்கரையில் நின்றுபோன தடத்தைப்போல் என்னை வருத்துகிறது. அந்தப் பாட்டியை நான் குறைகூறவில்லை. என் தகப்பனைப்போல் அன்பினாலேயே செய்தார்கள். ஆனால் வரும் ஞாயிறு நான் அச்சிறுமியின் அருகில் அமர்ந்து, இடக்கையால் ஒரு படம் வரையப்போகிறேன். கோணலாய்த்தான் வரும். அவள் சிரிக்கட்டும்.

துப்பாக்கியைப் பற்றிக் கவலைப்படுவோருக்கு: அது பூட்டிய இரும்புப் பெட்டியில் இருக்கிறது, தோட்டாக்கள் வேறிடத்தில். கோடை முழுவதும் நூறு கஜ இலக்கில் பயின்றேன். இந்தப் பருவத்தில் முதல் நாள் வந்த மானுக்குப் பின்னால் மற்றொன்று நின்றதால் சுடவில்லை. அடுத்த வாரம் ஒரே குண்டில் ஒன்று விழுந்தது. அதன் அருகே மண்டியிட்டபோது ஓடையருகே இழந்ததையும் நினைத்தேன். இறைச்சியில் ஒரு பங்கு பெரியவருக்கு, ஒரு பங்கு ஏழைகளுக்கு மான்கறி வழங்கும் திட்டத்துக்கு, மீதி உங்கள் இலையில். ஞாயிறு வேட்டைக்கு இம்மாநிலத்தில் இருந்த பழைய தடை 2025இல் நீங்கிவிட்டது. அஞ்சவேண்டாம், என் ஞாயிறு உங்களுடையது.

நம் பிள்ளைகளின் எந்தக் கையை நாம் அன்பினால் கட்டிவைத்திருக்கிறோம் என்று இவ்வாரம் ஒவ்வொரு வீட்டிலும் சிந்திப்போம். கர்த்தர்தாமே நம் இரு கைகளின் கிரியைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.