மாமல்லபுரம் போறீங்களா? சில்லறையைத் திருப்பிப் பாருங்க!

செங்கல்பட்டில் பஸ் ஏறி திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிறீர்களா? கையில் வரும் சில்லறையை அப்படியே பையில் போடாதீர்கள்.

பத்து ரூபாய் ஒன்றில் விஞ்ஞானி ஹோமி பாபா இருக்கலாம். அவரது நூற்றாண்டுக்காக 2010-ல் ரிசர்வ் வங்கி புழக்கத்தில் விட்ட நாணயம் அது. இந்திய அணுசக்தித் திட்டத்துக்கு அடித்தளம் போட்டவர். மாமல்லபுரத்தைத் தாண்டித் தெற்கே போனால் கல்பாக்கம் அணுமின் நிலையம்!

ஐந்து ரூபாயில் அண்ணா சிக்கினால் இன்னும் விசேஷம். 2009 நூற்றாண்டு வெளியீடு. அவரது தமிழ்க் கையெழுத்தும் உண்டு. அவர் பிறந்த காஞ்சிபுரத்தின் மாவட்டத்தில்தான் 2019 வரை செங்கல்பட்டும் இருந்தது. காமராஜர், 1995 உலகத் தமிழ் மாநாட்டுத் திருவள்ளுவர் என 'தமிழ்நாடு' வரிசையையே சேர்க்கலாம்.

வருடத்துக்குக் கீழே பாருங்கள். நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி நொய்டா, வைரக்குறி மும்பை, குறியே இல்லையென்றால் கொல்கத்தா. பளபளப்புக்காகப் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். சேகரிப்பவர்களிடம் மதிப்பு போய்விடும்.

பத்து ரூபாய் நாணயத்தைச் 'செல்லாது' என்று கடைக்காரர் தள்ளுகிறாரா? ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருப்பதால் வந்த சந்தேகம் அது. 14 வடிவங்களும் செல்லும் என்று 2018-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. அவர் பயப்படும் அந்த வித்தியாசம்தான் சேகரிப்பவருக்குப் பொக்கிஷம்!