பாட்டியின் நாள்காட்டியும் வானிலை எச்சரிக்கையும்

பண்டமாரானில் வளர்ந்தவர்களுக்கு வெள்ளம் இரண்டு வழியாக வரும் என்பது தெரியும். ஒன்று வானத்திலிருந்து. மற்றொன்று வீட்டின் முன்னால் ஓடும் லோங்காங்கிலிருந்து. மழைநீர் போய்ச் சேர வேண்டிய கடலே உயர்ந்து நிற்கும் நேரத்தில் ஒரு மணி நேர மழை போதும், செருப்பெல்லாம் மிதக்கத் தொடங்கிவிடும்.

நான் இப்போது தங்கிப் படிப்பது கோலாலம்பூரில். பகல் முழுவதும் வீட்டில் பாட்டி மட்டும்தான். எழுபத்தெட்டு வயது, முட்டி வலி வேறு. கைப்பேசியில் இடிமழை எச்சரிக்கை வந்தால் விரிவுரையின் நடுவிலும் வெளியே வந்து அவரை அழைப்பேன். "ஐயா, உன் போனு நேத்தும்தான் கத்துச்சி. இங்க ஒரு சொட்டு விழுந்துச்சா?" என்பார். அவர் சொல்வதில் பொய்யில்லை. அன்று மேருவில் கொட்டித் தீர்த்தது. எங்கள் வரிசையில் காயப்போட்ட துணிகூட நனையவில்லை.

நண்பர்களே, இதைக் 'கணிப்பு பொய்த்துவிட்டது' என்று சொல்வது பாதி நியாயம்தான். மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் மழை தரும் இடிமேகம் நெருங்கும்போதோ, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் என்று எதிர்பார்க்கும்போதோ மலேசிய வானிலை ஆய்வுத் துறை இந்த எச்சரிக்கையை விடுக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு மேல் அது செல்லாது. அதில் இருப்பது மாவட்டத்தின் பெயர். கிள்ளான் என்றால் காப்பார், மேரு, புலாவ் இண்டா எல்லாம் அதற்குள் அடக்கம். மேகமோ சில கிலோமீட்டர் அகலம்தான். தனி மேகமாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் எழும்பி, பெய்து, கலைந்தும் விடும். பருவக்காற்று மாறும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் காலை வெயிலில் நிலம் சூடாகி, நீரிணையிலிருந்து கடற்காற்று உள்ளே நுழைய, பிற்பகலில் இவை கிளம்புகின்றன. எந்தத் தாமானுக்கு மேல் என்று முதல் நாளே சொல்ல எந்தக் கணினியாலும் ஆகாது. மும்பையில் 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸ் நிலையம் 944 மில்லிமீட்டர் மழையைப் பதிவு செய்தது. அதே நகரின் கொலாபாவில் 73 மில்லிமீட்டர்தான். இரண்டுக்கும் இடையே முப்பது கிலோமீட்டர்கூட இல்லை.

2021 டிசம்பர் வேறு வகை. அது தனி மேகமன்று. தென் சீனக் கடலிலிருந்து வந்து தீபகற்பத்தைக் கடந்த தாழ்வு மண்டலம். ஒரு மாத மழை ஒரே நாளில் பெய்தது என்று அதிகாரிகள் சொன்னார்கள். ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரை மேல் ஏறி உதவிக்குக் காத்திருந்தார்கள். அந்த வெள்ளப் பருவத்தில் நாடு முழுவதும் ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட். அதில் பாதி சிலாங்கூரில். எல்லாரும் மழையின் அளவைப் பற்றித்தான் பேசினார்கள். பாட்டி நாள்காட்டியைப் பார்த்து, "நாளைக்குப் பௌர்ணமி" என்றார். அன்று 18-ஆம் தேதி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் இழுப்பதால் கடல் ஏற்றம் பெரிதாகும். மலாய்க்காரர்கள் 'ஆயேர் பாசாங் பெசார்' என்பார்கள். கிள்ளான் துறைமுகத்தில் அது 5 மீட்டரைத் தாண்டும். அந்த நேரத்தில் கடல்நீர் உள்ளே வராமலிருக்க மதகை மூடிவிடுவார்கள். மூடினால் மழைநீரும் வெளியே போக முடியாது. பம்பு இறைப்பதுதான் கணக்கு. இதில் இன்னொரு சங்கடம்: இங்கே பெரிய ஏற்றங்கள் விடியலிலும் அந்தியிலும் உச்சத்துக்கு வருகின்றன. பிற்பகல் இடிமழையின் தண்ணீர் கால்வாயில் சேர்வதும் ஏறக்குறைய அந்தி நேரத்தில்தான்.

மழையைச் சொல்வது ஓர் அலுவலகம். கடல் ஏற்ற அட்டவணையை வெளியிடுவது கடற்படையின் தேசிய நீரளவை மையம். அது எங்களுக்குப் பக்கத்திலேயே, புலாவ் இண்டாவில் இருக்கிறது. மழை எங்கே விழும் என்பதைச் சில மணி நேரத்துக்கு முன்புதான் சொல்ல முடியும். ஏற்றத்தையோ ஓராண்டுக்கு முன்பே மணி, நிமிடத்தோடு சொல்லிவிடலாம். எங்கள் வரிசைக்கு இரண்டும் ஒரே தாளில் வேண்டும். ஆகவே இந்த ஆண்டு பாட்டியின் நாள்காட்டியில், ராகு காலத்துக்குக் கீழே, பெரிய ஏற்றம் வரும் நேரங்களைச் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன். சிவப்பு இல்லாத நாளில் எச்சரிக்கை வந்தால் பாட்டி துணியை மட்டும் எடுக்கிறார். சிவப்பும் எச்சரிக்கையும் சேர்ந்தால் அரிசி வாளி மேசை மேல் ஏறுகிறது, பக்கத்து வீட்டுப் பையன் எரிவாயுத் தோம்பைத் தூக்கி வைக்கிறான். நாள்காட்டியைப் படம் பிடித்து அண்டை வீட்டார் புலனக் குழுவிலும் போட்டிருக்கிறார்கள்.

மே முதல் செப்டம்பர் வரை சுமத்ராவிலிருந்து வரும் புயல்வரிசை மட்டும் இந்தக் கணக்கில் சரியாக உட்காரவில்லை. இரவில் நீரிணையைக் கடந்து, விடியலில், சில நாள் விடியல் ஏற்றத்தோடு சேர்ந்தே கரையேறுகிறது. அந்த நேரத்தில் நான் தூக்கத்தில் இருப்பேன். பாட்டி ஐந்து மணிக்கே எழுந்துவிடுவார். அதனால் எச்சரிக்கை இப்போது அவருடைய கைப்பேசிக்கும் போகிறது.