தாயத்தும் தவணையும்

நான் கைக்குழந்தையாக இருந்தபோது என் அரைஞாணில் ஒரு வெள்ளித் தாயத்து தொங்கிக்கொண்டிருந்ததாம். காய்ந்து விழுந்த தொப்புள்கொடியை அதில் அடைத்துக் கட்டியவள் என் பாட்டி. செலவு, வெள்ளியும் தட்டானுக்குக் கொடுத்த கூலியுந்தான்.

அதே கொடிக்கு இந்தக் காலத்து விலை 65,000 ரூபாய் என்பது, என் மனைவிக்கு ஏழாவது மாதம் நடக்கும்போதுதான் எனக்குத் தெரிய வந்தது!

வளைகாப்பு முடிந்த மறு வாரம் ஒரு கம்பெனிப் பிரதிநிதி வீடு தேடி வந்தார். பளபளக்கும் புத்தகம் ஒன்றை விரித்தார். "குழந்தை பிறந்ததும் கொடியில் தங்கும் ரத்தத்தை எங்களிடம் சேமித்து வையுங்கள், சார். பிற்காலத்தில் எந்த வியாதி வந்தாலும் பயமில்லை. தவணையிலும் கட்டலாம்" என்றார்.

அவர் தலை மறைந்ததும் என் மனைவி மெதுவாகக் கேட்டாள்: "நாளைக்கு ஏதாவது ஆகி, அன்றைக்குப் பணம் கட்டாமல் விட்டோமே என்று அழும்படி வந்துவிட்டால்?"

ஆறு வருஷம் காத்திருந்து உண்டான குழந்தை, சகோதரிகளே! அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வேன்? பத்திரிகைக்காரனுக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான், விசாரிப்பது. எங்கள் டாக்டரம்மாளிடமே போய் விசாரித்தேன்.

"கொடி ரத்தத்தில் ஸ்டெம் செல் என்னும் மூல அணுக்கள் இருப்பது உண்மை. 1988-ல் பாரிஸ் நகரில், ரத்தக் கோளாறால் அவதிப்பட்ட ஐந்து வயதுப் பையனுக்கு முதன்முதலாக அதைச் செலுத்திப் பிழைக்க வைத்தார்கள். ஆனால் அது அவனுடைய ரத்தமல்ல; அப்போது பிறந்த தங்கையின் ரத்தம்!" என்றார் அவர்.

எனக்குச் சுருக்கென்றது. பரம்பரையாக வரும் ரத்த வியாதியானால் அந்தக் குறை குழந்தையின் கொடி ரத்தத்திலும் இருக்குமே! கெட்டுப்போன மோரை உறை ஊற்றிவிட்டு நல்ல தயிருக்குக் காத்திருக்க முடியுமா?

வழிகள் இரண்டு. ஒன்று, தனியார் சேமிப்பு: காசு கட்டி நமக்கென்றே பூட்டி வைப்பது. மற்றொன்று, பொது வங்கி: இலவசமாகத் தானம் செய்வது. 1992-ல் நியூயார்க்கில் தொடங்கிய ஏற்பாடு அது. உலகில் யாருக்குப் பொருந்துகிறதோ அவருக்குப் போய்ச் சேரும். நமக்கென்று நிறுத்தி வைக்கமாட்டார்கள். இரண்டிலும் ரத்தம் உறைவது மைனஸ் 196 டிகிரியில்தான். சொந்த உபயோகத்துக்கென்று சேமிப்பதற்கு விஞ்ஞான ஆதாரம் இல்லை என்று, 2017-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலே சொல்லியிருக்கிறது. மூத்த குழந்தைக்குத் தலசீமியா போன்ற வியாதி இருந்தால் மட்டும் சங்கதி வேறு. அங்கே தம்பி தங்கையின் ரத்தம் பொருந்தினால் அதுவே சஞ்சீவி.

எங்களுக்கு மூத்த குழந்தை இல்லை. தானம் செய்யலாமென்றால், எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த வசதியில்லை.

"அப்படியானால் அந்த ரத்தம் வீண்தானா?" என்றாள் என் மனைவி.

டாக்டரம்மாள் சிரித்தார். "ஏன் வீணாக வேண்டும்? உடனே கொடியை வெட்டாமல் ஒன்றிலிருந்து மூன்று நிமிஷம் பொறுத்தால், அதில் பெரும்பங்கு குழந்தைக்கே போய்ச் சேரும். இரும்புச் சத்துக் குறையாமல் காக்கும். சேமிக்க நினைப்பவர்களுக்குத்தான் அதனால் அளவு குறையும்."

அப்படியே பொறுத்தோம். பெண் குழந்தை பிறந்தது.

அன்றோடு என் மனம் அமைதியாகிவிட்டது என்று சொன்னால் பொய். நடுராத்திரியில் குழந்தைக்கு ஜுரம் கொதிக்கும்போது, மனைவியின் பழைய கேள்வி இன்னும் என் காதில் விழத்தான் செய்கிறது. பயத்துக்குத் தவணை கட்டி முடிவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொன்றும் செய்தேன். மூல அணுத் தானம் செய்வோர் பதிவேட்டில், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துக் கொடுத்து, என் பெயரை எழுதி வைத்தேன். எந்த வீட்டுக் குழந்தைக்காவது என்னுடையது பொருந்தட்டுமே!

உங்கள் வீட்டுக்கும் அந்தப் பளபளப்புப் புத்தகம் வரலாம். கையெழுத்துப் போடுமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "இந்த ரத்தம் எந்த வியாதிக்கு, யாருக்கு உதவும்?"

ஆமாம், காய்ந்து விழுந்த கொடி என்னவாயிற்று என்கிறீர்களா? என் மாமியார் தாயத்தில் அடைத்துக் கட்டிவிட்டார். வருஷச் சந்தா கிடையாது!