பாறைக்குள்ள ஒட்டடை

ஊருக்குப் போகும்போதெல்லாம் மாமா ஒருத்தர் தவறாம கேக்குற கேள்வி: "ஏம்ப்பா, அடியில எண்ணெய் ஏரி மாதிரி தேங்கி நிக்குமா? மேலேருந்து ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுவீங்களா?" ஏரியெல்லாம் இல்ல மாமா, கல்லுக்குள்ள இருக்குன்னு நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன். அவர் நம்புற மாதிரி தெரியல. அவருக்குப் புரியவைக்க முடியாததை இங்க சொல்லிப் பாக்குறேன். கூடவே நான் பண்ணின ஒரு கோளாறும் வரும். கொசுவத்தி கொஞ்சம் நீளமா சுத்தும், பொறுத்துக்கோங்க மக்கா.

2000களின் நடுவுல அபர்தீன்ல ஒரு லேப்ல ஆணி புடுங்கிக்கிட்டிருந்தேன். கிணறு தோண்டும்போது உருளை உருளையா அறுத்து எடுக்குற பாறைக்கு கோர்னு பேரு. அதுலேருந்து ஒன்றரை அங்குல விட்டத்துக்கு சின்னத் துண்டு வெட்டி, கழுவி, காயவச்சு, ரெண்டு விஷயம் அளப்போம். கல்லுல எத்தனை சதவீதம் ஓட்டைங்கறது பொராசிட்டி. அந்த ஓட்டை வழியா எண்ணெயோ வாயுவோ எவ்வளவு சுலபமா ஓடும்ங்கறது பெர்மியபிலிட்டி. இதுக்கு அளவு மில்லிடார்சி. முதலாவது நல்லா இருந்து ரெண்டாவது சரியில்லன்னா, பணம் பேங்க்ல இருக்கு, ஏ.டி.எம். கார்டு தொலைஞ்சுபோச்சுங்கற கதைதான்.

மணல் ஆத்துல, கடற்கரையில படியும்போது கிட்டத்தட்ட 40 சதவீதம் வெறும் இடம்தான். ஒரு பானை நிறைய நெல்லிக்காய் போட்டா நடுவுல இடம் இருக்கும்ல, அப்படி. அதுல கடுகைக் கொட்டினா இடம் அடைஞ்சிடும். அதனால ஒரே அளவு மணலா இருக்கறது முக்கியம். அப்புறம் மேல மேல படிவு விழுந்து, மணல் அமுங்கி, சூடாகி, ஆழத்துக்குப் போகப் போக கதை மாறும். எழுபது, எண்பது டிகிரி செல்சியஸ் தாண்டினா குவார்ட்ஸ் மணலே மெல்லக் கரைஞ்சு, பக்கத்து மணல் மேல சிமெண்ட்டு மாதிரி வளர ஆரம்பிக்கும். நாலஞ்சு கிலோமீட்டர் ஆழத்துல ரொம்ப மணற்பாறை கருங்கல் மாதிரி ஆனதுக்கு இதுதான் காரணம். மணல் மேல குளோரைட்டுங்கற களிமண் மெல்லிசா பூசியிருந்தா மட்டும் குவார்ட்ஸ் ஒட்ட முடியாம தவிக்கும். நார்வே பக்கம் நாலு கிலோமீட்டருக்குக் கீழயும் 20 சதவீதத்துக்கு மேல பொராசிட்டி உள்ள மணற்பாறை கிடைச்சிருக்குன்னா, இந்தப் பூச்சு புண்ணியம்.

எங்க லேபுக்கு அதிகமா வந்தது வட கடலோட பிரென்ட் மணற்பாறை. பேப்பர்ல தினமும் 'பிரென்ட் கச்சா எண்ணெய் பேரலுக்கு இவ்வளவு டாலர்'னு போடுறாங்களே, அதே பிரென்ட். 1971ல கண்டுபிடிச்ச வயல். ஷெல்காரங்க நீர்ப்பறவை பேரா வச்சிக்கிட்டிருந்த காலம், இதுக்கு ஒரு வாத்து பேரு. 2021ல உற்பத்தியை நிறுத்திட்டாங்க, பேரு மட்டும் விலைப்பட்டியல்ல ஓடிக்கிட்டிருக்கு. பாறை சுமார் 17 கோடி வருஷத்துக்கு முந்தின டெல்டா. கீழேருந்து மேல ப்ரூம், ரன்னாக், எட்டிவ், நெஸ், டார்பர்ட்னு அஞ்சு அடுக்கு. ஆங்கிலத்துல முதல் எழுத்தைக் கூட்டிப் பாருங்க, பிரென்ட்னு வரும். எந்த மகராசன் யோசிச்சானோ! எட்டிவ் சுத்தமான மணல், எண்ணெய் தடதடன்னு ஓடும். அதுக்குக் கீழ ஒட்டினாப்ல இருக்குற ரன்னாக் நுணுக்கு மணல், மைக்கா நிறைய, ரொம்ப சண்டி. ஒரே கிணறு, சில அடி தூரம், ரெண்டும் ரெண்டு குணம்.

இப்ப நம்ம கோளாறு. ஒரு ஆழமான கிணத்துலேருந்து இந்த வகைப் பாறை வந்தது. கூட வந்த தாள்ல, சில துண்டுகளை சாதாரண அடுப்புல காயவைக்கக் கூடாதுன்னு தெளிவா எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை சாயந்திரம். நான் அதைப் படிச்சேனா இல்லையான்னு இன்னிக்கும் நிச்சயமா சொல்ல முடியல. மொத்தத் தட்டையும் நூறு டிகிரி அடுப்புல தள்ளிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். திங்கட்கிழமை அளந்தா பத்து, பன்னெண்டு மில்லிடார்சி. பரவாயில்லையேன்னு ரிப்போர்ட் போயாச்சு. காயவச்ச முறைங்கற கட்டத்துல, தாள்ல கேட்டிருந்த முறையையே எழுதி வச்சேன். பழக்க தோஷம்.

ரெண்டு மாசம் கழிச்சு கிணத்தை ஓடவிட்டுப் பாத்தாங்க. எதிர்பார்த்ததுல பத்துல ஒரு பங்கு கூட வரல. வாடிக்கையாளர் பக்கத்துலேருந்து போன் மேல போன்.

காரணம் இல்லைட். பாறை 130 டிகிரி சூட்டைத் தாண்டினா, அதுல இருக்குற கயோலினைட் களிமண்ணும் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்ந்து இல்லைட்டா மாறும். ஓட்டைக்குள்ள முடி மாதிரி, ஒட்டடை மாதிரி குறுக்கும் நெடுக்கும் வளரும். எடை கொஞ்சம்தான், பொராசிட்டி பெருசா குறையாது. ஆனா வழி அடைஞ்சுபோகும். குளத்துப் பாசி தண்ணிக்குள்ள விரிஞ்சு நிக்கும், வெளிய எடுத்தா கையில பிசுக்குன்னு ஒட்டிக்கும் பாத்திருக்கீங்களா? அதே சமாச்சாரம். அடுப்புல தண்ணி ஆவியாகும்போது அதோட மேற்பரப்பு அந்த முடியெல்லாம் இழுத்துக்கிட்டுப் போய் சுவத்துல அப்பிடும். வழி பளிச்சுன்னு திறந்திடும். நான் அளந்தது கடலுக்கு அடியில இருக்குற பாறையே இல்ல, என் அடுப்பு செஞ்ச பாறை.

இதுக்கு வேற வழி உண்டு. தண்ணியை ஆல்கஹாலாலயும், அதை திரவ கார்பன் டை ஆக்சைடாலயும் மாத்திட்டு, அழுத்தத்தோட 31 டிகிரிக்கு மேல சூடாக்கினா திரவம்-வாயுங்கற எல்லையே இல்லாம காயும். முடி நின்னது நின்னபடி இருக்கும். மெழுகு பூசி பத்திரமா வச்சிருந்த ஒரு துண்டை அப்படிக் காயவச்சு அளந்தாங்க. அரை மில்லிடார்சி. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாத்தா பரண் மேல இருக்குற மாதிரி ஒட்டடைக் காடு.

ரெண்டு வாரம் வாய் திறக்கல. ராத்திரி தூக்கம் போச்சு. 'ரிப்போர்ட்ல சரியான முறைன்னுதானே போட்டிருக்கு, மெஷின் தப்பா இருக்குமோ'ன்னு லேப்ல வேற ஒரு பையன் கிட்ட கேள்வி கேக்க ஆரம்பிச்சாங்க. அவன் வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம்கூட ஆகல. அன்னிக்கு மதியம் பெரியவர் ரூமுக்குப் போய் சொல்லிட்டேன். அவர் கத்தல. அந்தத் தாளை என் பக்கம் தள்ளி, "உன் கையாலயே திருத்தி எழுது, தேதி போடு"ன்னார். எழுதினேன். அந்த வருஷக் கடைசியில என் காண்ட்ராக்ட்டை நீட்டிக்கல. பையனை நிரந்தரமாக்கினாங்க.

அந்த மைக்ராஸ்கோப் படம் ஒண்ணு இன்னும் வீட்டுல இருக்கு. அம்மா பாத்துட்டு, "இவ்வளவு ஒட்டடையா? அடிச்சு சுத்தம் பண்ண வேண்டியதுதானே"ன்னாங்க. ஆசிட் விட்டு அடிச்சுப் பாக்குறாங்கம்மா, சரியா கரையலன்னா உதிர்ந்து போய் அடுத்த சந்துல அடைச்சுக்குதுன்னேன். "நம்ம வீட்டு சிங்க் மாதிரி"ன்னாங்க.

பி.கு.: மாமாவுக்கு இந்தப் பதிவை பிரிண்ட் எடுத்து அனுப்பப் போறேன். அதுக்கப்புறமும் ஏரின்னு சொன்னா நான் பொறுப்பில்ல :-)