சாட்சிக் கூண்டில் ஒரு ஈ!

திருநெல்வேலி அல்வாவுக்கு நமக்கு முன்பே வந்து சேருகிற வாடிக்கையாளர் ஒருவர் உண்டு. காசு தரமாட்டார். விரட்டினாலும் போகமாட்டார். ஆம், ஈயார்தான்! இவருடைய சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்கத்தான் நான் மீன் கடைப் பக்கம் போனேன். நீலமும் பச்சையுமாக மினுமினுக்கிற உடம்பு, செக்கச்சிவந்த பெரிய கண்கள். 'கிரைசோமியா மெகாசெபாலா' என்பது விஞ்ஞானிகள் வைத்த பெயர்.

"இதப் பாக்கவா சார் இவ்வளவு தூரம் வந்திய?" என்றார் ஆட்டோ அண்ணாச்சி.

"கொலைக் கேஸிலே சாட்சி சொல்லும், அண்ணாச்சி!"

மனுஷர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

நிஜம்தான். உயிர் போன உடலைப் போலீஸுக்கு முன்பே கண்டுபிடிப்பது இந்த ஈதான். பகல் நேரமானால் சீக்கிரமே வந்து முட்டையிட்டுவிடும். முட்டை, புழு, கூட்டுப்புழு, ஈ என்று வரிசை. புழுவின் பின்பக்க மூச்சுத்துளையில் இரண்டு கோடு இருந்தால் இரண்டாம் பருவம், மூன்று இருந்தால் மூன்றாம் பருவம். புழுவின் வயசு தெரிந்தால், சாவு குறைந்தபட்சம் எத்தனை நாளைக்கு முன்பு என்று சொல்லிவிடலாம்.

1247-ல் சீனாவின் சுங் ட்சு எழுதிய நூலிலேயே இப்படி ஒரு வழக்கு இருக்கிறது. ஊரார் அரிவாள்களையெல்லாம் தரையில் வைக்கச் சொன்னார்கள். ஒரே ஒரு அரிவாளில் ஈ மொய்த்தது. கொலைகாரன் சிக்கினான். 1935-ல் ஸ்காட்லாந்தில் ஓர் ஓடைக்கரையில் இரண்டு பெண்களின் உடல்கள் துண்டு துண்டாகக் கிடந்தன. அதிலிருந்த புழுக்களுக்கு 12 முதல் 14 நாள் வயது என்று கணித்தார் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து மியர்ன்ஸ். மற்ற சாட்சியங்களோடு அதுவும் ஒத்துப்போனது. தூக்கில் தொங்கிய டாக்டர் ரக்ஸ்டன் யார் தெரியுமோ? பம்பாயில் பிறந்த நம்ம ஊர்க்காரர்!

ஆனால் ஸ்காட்லாந்துக் கணக்கைத் தாமிரபரணிக்கு அப்படியே கொண்டுவர முடியாது. புழு வளர்வது வெயிலைப் பொறுத்தது. 30 டிகிரியில் மெகாசெபாலா முட்டையிலிருந்து ஈயாகச் சுமார் 9, 10 நாள் போதும். குளிர் ஏற ஏற நாளும் ஏறும். பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடல் சேர, நம்ம ஆறு ஓடுவது சுமார் 130 கிலோமீட்டர்தான். அதற்குள் மாஞ்சோலைக் குளிரும் இருக்கிறது, பாளையங்கோட்டையின் சித்திரை வெயிலும் இருக்கிறது. ஒரே ஈ, ஒரே ஆறு, இரண்டு கடிகாரம்!

ஆறு இன்னொரு வம்பும் செய்யும். தண்ணீரில் மூழ்கிய உடலில் ஈ உட்கார முடியாது. மேலே மிதந்த பிறகுதான் கடிகாரமே ஓடத் தொடங்கும்.

எந்த ஈ என்பதும் முக்கியம். மெகாசெபாலாவின் பங்காளி ரூஃபிஃபேசீஸ். அதன் புழு முள்முள்ளாக இருக்கும். மற்றப் புழுக்களையே தின்னும். சாட்சியையே விழுங்குகிற சாட்சி! அதனால் புழுக்களில் பாதியை வெந்நீரில் போட்டு, பிறகு ஆல்கஹாலில் பாதுகாப்பார்கள். மீதியை உயிரோடு வளர்த்து, ஈயாக்கி, இனம் பார்ப்பார்கள். இப்போது டி.என்.ஏ. சோதனையும் கைகொடுக்கிறது.

இந்திய ஈக்களுக்கென்று 1940-லேயே தடிப் புத்தகம் வந்துவிட்டது. செத்த முயல்களுக்கு எந்தப் பூச்சி எப்போது வருகிறது என்று பஞ்சாபில் கவனித்து, 2003-ல் ஆய்வு வெளியிட்டார்கள். ஆனாலும் பஞ்சாப் குளிருக்குப் போட்ட கணக்கு நெல்லை வெயிலுக்கு ஒத்துவருமா? அந்தந்த ஊருக்கு அந்தந்த ஊர் அட்டவணை வேண்டும்.

"ரெண்டு நாள் முன்னப்பின்ன ஆனா என்ன சார்?" என்றார் அண்ணாச்சி.

என்னவா? ஒருவன் 'அன்றைக்கு நான் பாபநாசத்தில் இருந்தேன்' என்கிறான். கணக்கு இரண்டு நாள் தள்ளிப்போனால் அவன் சொன்ன நிஜம் பொய்யாகிவிடும். பாளையங்கோட்டை மத்திய சிறைக்குள் இருக்கவேண்டியவன் வெளியே, வெளியே இருக்கவேண்டியவன் உள்ளே!